ஆல்புமின் டப்பாவைத் திறக்கும் முன்: லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டிசம்பர், ஜனவரி வந்தால் வேலூர், காட்பாடி பக்கத்து ஆய்வுக்கூடங்களில் எம்.எஸ்ஸி. புராஜெக்ட் பிள்ளைகள் வந்து சேருவார்கள். ஆரணியிலிருந்து ஒருவர், குடியாத்தத்திலிருந்து ஒருவர், சோளிங்கரிலிருந்து ஒருவர் என்று தினமும் பஸ் ஏறி வருவார்கள். வந்த முதல் வாரத்திலேயே அவர்களுக்குக் கிடைக்கும் வேலை, "பி.எஸ்.ஏ. 5 சதவீதம் போட்டு வைம்மா" என்பதுதான். பி.எஸ்.ஏ. என்றால் மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த ஆல்புமின் என்ற புரதம். சொல்லிவிட்டு சீனியர் போய்விடுவார். ஃபிரிட்ஜில் பார்த்தால் மூன்று டப்பா இருக்கும், மூன்றிலும் அதே இளமஞ்சள் தூள், ஆனால் விலை மட்டும் ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசம். எதை எடுப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, பல மாதம் வீணானபிறகுதான் தெரிந்துகொண்டேன். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இது என்ன என்று பார்த்துவிடுவோம்

உங்கள் வீட்டில் யாருக்காவது கல்லீரல், சிறுநீரகம் சம்பந்தமாக ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தால் அந்தச் சீட்டில் "ஆல்புமின்" என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் 3.5 முதல் 5 வரை என்று ஓர் எல்லையும் போட்டிருக்கும். 100 மில்லி ரத்தநீரில் அத்தனை கிராம் என்று அர்த்தம். ரத்தப் பிளாஸ்மாவில் மிக அதிகமாக இருக்கும் புரதம் இதுதான். கல்லீரல் செய்து அனுப்புகிறது, ஏறக்குறைய மூன்று வாரம் ரத்தத்தில் சுற்றுகிறது. தண்ணீரை ரத்தக் குழாய்க்குள்ளேயே பிடித்து வைப்பதும், கொழுப்பு அமிலம், பிலிருபின், பல மருந்துகள் ஆகியவற்றைச் சுமந்து போவதும் இதன் வேலை. ஆல்புமின் குறைந்தவர்களுக்குக் கால் வீங்குவது இதனால்தான்.

லேபில் நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்தது. அதுதான் பி.எஸ்.ஏ. 583 அமினோ அமிலம், எடை சுமார் 66.4 கிலோடால்டன், உள்ளே 17 டைசல்ஃபைடு பிணைப்பு. பிணைப்பில் சேராமல் தனியாக நிற்கும் சிஸ்டீன் ஒன்றே ஒன்று. மனித ஆல்புமின் 585 அமினோ அமிலம், கிட்டத்தட்ட அதே எடை. முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் ஓவால்புமின் வேறு புரதம், பெயர் மட்டும்தான் ஒத்துப்போகிறது. சுமார் 43 கிலோடால்டன் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆர்டர் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டப்பாவில் "ஃபிராக்ஷன் ஃபைவ்" என்று போட்டிருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஹார்வர்டில் எட்வின் கோன் என்பவர், ரத்தம் இழந்த சிப்பாய்களுக்குக் கொடுப்பதற்காகப் பிளாஸ்மாவைக் குளிர்ந்த எத்தனால் கொண்டு படிப்படியாகப் பிரித்தார். ஐந்தாவதாக வந்த பகுதி ஆல்புமின். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரில் காயம்பட்டவர்களுக்கே அதைக் கொடுத்திருக்கிறார்கள். இன்று எத்தனால் முறை இல்லாமல் சூடு காட்டிப் பிரித்த ஆல்புமினையும் அதே பெயரில் விற்கிறார்கள். ஆகவே அந்தப் பெயரை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எந்த டப்பாவை எடுப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஆல்புமின் தனியாக வருவதில்லை. ரத்தத்தில் அது எதையெல்லாம் சுமந்துகொண்டிருந்ததோ அதில் கொஞ்சத்தைச் சுமந்துகொண்டேதான் தூளாகிறது. கொழுப்பு அமிலம், ஹார்மோன், மாட்டின் ஆன்டிபாடி, சில சமயம் புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ், பாக்டீரியா நச்சான எண்டோடாக்சின் எல்லாம் கூடவே வரும். உங்கள் சோதனையை இவற்றில் எது கெடுக்கும் என்று யோசித்துத்தான் டப்பாவை எடுக்க வேண்டும்.

வெஸ்டர்ன் பிளாட் (மெம்பிரேன் என்ற மெல்லிய தாளில் ஒட்டிய புரதத்தை ஆன்டிபாடியால் தேடுவது), எலைசா (அதையே பிளாஸ்டிக் பிளேட்டில் செய்வது) இரண்டிலும் காலி இடத்தை அடைக்கும் பிளாக்கிங் வேலை என்றால் சாதாரண வகையே பெரும்பாலும் போதும். செல்களுக்குக் கொழுப்பு அமிலம் ஊட்டும் சோதனை என்றால் கொழுப்பு அமிலம் நீக்கியது வேண்டும், இதில் சமரசமே கிடையாது. மேக்ரோஃபேஜ் மாதிரி நோயெதிர்ப்புச் செல்களோடு வேலை என்றால் எண்டோடாக்சின் குறைவானது. பி.சி.ஆர். (டி.என்.ஏ-வைப் பெருக்குவது), ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம் (டி.என்.ஏ-வைக் குறித்த இடத்தில் வெட்டுவது) வேலைக்கு, டி.என்.ஏ-வைச் சிதைக்கும் நியூக்ளியேஸ் இல்லாதது.

அப்புறம் ஆட்டு ஆன்டிபாடி விஷயம். ஆட்டில் தயாரித்த பிரைமரி ஆன்டிபாடி (இலக்கைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி) பயன்படுத்தினால், ஆட்டு ஆன்டிபாடியைப் பிடிக்கும் செகண்டரி போடுவீர்கள். ஆடும் மாடும் நெருங்கிய உறவு. அந்தச் செகண்டரி, ஆல்புமின் தூளில் மிச்சமிருக்கும் மாட்டு ஆன்டிபாடியையும் போய்ப் பிடித்துக்கொள்ளும், மெம்பிரேன் முழுக்கக் கருத்துவிடும். அப்போது ஆன்டிபாடி நீக்கிய ஆல்புமின் வாங்குங்கள், இல்லையென்றால் செகண்டரி எந்த விலங்கில் தயாரானதோ அந்த விலங்கின் சீரத்தை வைத்து பிளாக் செய்யுங்கள்.

மாட்டுப் பொருளைத் தொட மனம் ஒப்பாதவர்களும் எங்கள் லேபில் இருந்திருக்கிறார்கள். பொய்கை சந்தைக்கு மாடு ஓட்டிப் போகும் குடும்பத்திலிருந்து வந்த ஒரு தம்பி தயங்கித் தயங்கித்தான் கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. உயிரினங்களில் ஜீனைப் புகுத்தித் தயாரிக்கும் ஆல்புமின் இப்போது கிடைக்கிறது. ஈஸ்ட்டில் செய்கிறார்கள், நெல்மணியில் மனித ஆல்புமினை விளைவித்துப் பிரித்தெடுக்கவும் செய்கிறார்கள். ஆரணி அரிசி சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அதைக் கேட்டதும் அவ்வளவு சந்தோஷம். விலை கூடுதல் என்பதுதான் சிக்கல்.

கரைப்பது: 100 மில்லி, 5 சதவீதம்

டப்பாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். நம்ம ஊர் வெயிலில் குளிர்ந்த டப்பாவைத் திறந்தால் காற்றின் ஈரம் நேராகத் தூளில் போய் இறங்கும். அரை மணி நேரம் மூடியோடு மேசைமேல் வையுங்கள், பிறகு திறங்கள்.

பஃபர் (பி.எச். மாறாமல் பிடித்துவைக்கும் கரைசல்) தயாராக இருக்கட்டும். வெஸ்டர்ன் வேலைக்கு டி.பி.எஸ்.டி.: 1 லிட்டருக்கு டிரிஸ் பேஸ் 2.42 கிராம், சோடியம் குளோரைடு 8.77 கிராம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பி.எச். 7.6-க்குக் கொண்டுவந்து, கடைசியில் ட்வீன்-20 ஒரு மில்லி. சுத்திகரித்த தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. வேலூர் போர்வெல் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று வீட்டுப் பாத்திரத்தைப் பார்த்தாலே தெரியும்.

பீக்கரில் 80 மில்லி பஃபர் எடுத்துக்கொள்ளுங்கள். 5 கிராம் ஆல்புமினை எடைபோட்டு, கோலமாவு தூவுகிற மாதிரி மேற்பரப்பில் பரவலாகத் தூவிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். கலக்காதீர்கள், குலுக்காதீர்கள், வோர்டெக்ஸில் (வேகமாகச் சுழற்றிக் குலுக்கும் கருவி) வைக்கவே வைக்காதீர்கள். அவசரப்பட்டால் கட்டி கட்டும், நுரை வரும். நுரைத்த இடத்தில் புரதம் உருக்குலைந்துபோகும். 20, 30 நிமிடத்தில் தானாகவே நனைந்து கீழே இறங்கும். அதன்பிறகு ஸ்டிர்ரரை மிக மெதுவாகச் சுழலவிட்டு, முழுதும் கரைந்ததும் 100 மில்லிக்கு நிரப்புங்கள். கிருமி இல்லாமல் வேண்டுமென்றால் 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது. வைத்தால் முட்டையை வேகவைத்த கதைதான்.

ஃபிரிட்ஜில் சில நாள்தான் தாங்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் சிறு சிறு டியூப்களில் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள். ஒரே பாட்டிலை உருக்கி உறையவைத்து, திரும்ப உருக்கி உறையவைத்து ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல், கரண்ட் போய் ஃபிரீசர் இளகினாலும் எந்த டியூப் கெட்டது, எது தப்பியது என்று பார்க்க முடியும்.

கெடாமல் இருக்க 0.02 சதவீதம் சோடியம் அசைடு சேர்க்கும் பழக்கம் உண்டு. எச்.ஆர்.பி. என்சைம் இணைத்த ஆன்டிபாடி போடும் கரைசலில் அதைச் சேர்க்காதீர்கள், அசைடு அந்த என்சைமையே முடக்கிவிடும். அது விஷமும்கூட. சிங்க்கில் கொட்டினால் செம்பு, ஈயக் குழாயோடு சேர்ந்து வெடிக்கக்கூடிய பொருளாக மாறும்.

பிளாக்கிங்: பஸ்ஸில் துண்டு போடுகிற வேலை

பண்டிகை நேரத்தில் வேலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்கள் இல்லையா, ஆல்புமின் செய்வதும் அதுதான். எலைசா பிளேட்டின் பிளாஸ்டிக்கிலும் வெஸ்டர்ன் மெம்பிரேனிலும் புரதம் ஒட்டிக்கொள்ளக் காலி இடம் ஏராளம். நீங்கள் ஆன்டிபாடியை ஊற்றினால் அது தன் இலக்கையும் பிடிக்கும், காலி இடத்திலும் போய் உட்காரும். அதற்கு முன்னாலேயே ஆல்புமினை ஊற்றி எல்லாக் காலி சீட்டிலும் துண்டு போட்டுவிட்டால், ஆன்டிபாடிக்கு அதன் இலக்கைத் தவிர இடம் இருக்காது.

எலைசாவில் பிளேட்டில் ஆன்டிஜெனையோ (ஆன்டிபாடி தேடும் இலக்கு) ஆன்டிபாடியையோ இரவு முழுக்க 4 டிகிரியில் ஒட்டவிட்டு, கழுவி, பி.பி.எஸ். என்ற பாஸ்பேட் பஃபரில் 1 முதல் 3 சதவீதம் ஆல்புமின் ஒன்று, இரண்டு மணி நேரம் வையுங்கள். வெஸ்டர்னுக்கு 3 முதல் 5 சதவீதம், ஒரு மணி நேரம், மெதுவாக ஆடும் ராக்கரில். ஆன்டிபாடியைக் கலக்கும் கரைசலிலும் ஆல்புமின் இருக்கட்டும். எலைசாவிலும் வெஸ்டர்னிலும் எந்த ஆன்டிஜெனும் ஒட்டாத ஒரு கட்டுப்பாடு (கன்ட்ரோல்) இருக்க வேண்டும், பின்னணி எவ்வளவு என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இங்கே நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு பிரச்சினை. புரோட்டோகாலில் "அறை வெப்பநிலை" என்று எழுதியிருந்தால் 20 முதல் 25 டிகிரி என்று அர்த்தம். மே மாதத்தில் ஏ.சி. இல்லாத வேலூர் அறையில் 36, 38 இருக்கும், அதை அறை வெப்பநிலை என்று எடுத்துக்கொண்டால் கரைசலும் கெடும், ஆன்டிபாடியும் இலக்கில்லாத இடத்தில் கூடுதலாக ஒட்டும். ஏ.சி. அறைக்குத் தூக்கிப் போங்கள், முடியாவிட்டால் 4 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். நான் கோடையில் இரவு முறையைத்தான் செய்கிறேன்.

பால் பவுடர் போட்டால் ஆகாதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆகும், மலிவும்கூட, பல ஆன்டிபாடிக்குப் பாலே நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பாலில் இருக்கும் கேசின் பாஸ்பேட் ஏறிய புரதம். பாஸ்பேட் ஏறிய வடிவத்தைத் தேடும் ஆன்டிபாடிக்கு அதனால் பின்னணி கூடக்கூடும். பாலில் பயோட்டினும் உண்டு, பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் முறையில் அது குறுக்கே வரும். என்னுடைய முதல் புராஜெக்டில் பாஸ்போ ஆன்டிபாடிக்குப் பாலை ஊற்றி ஊற்றி, மெம்பிரேன் ஒவ்வொன்றும் கரும்பலகை மாதிரி வர, ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று நம்பி ஒரு மாதத்துக்குமேல் தொலைத்தேன். ஆல்புமினுக்கும் டி.பி.எஸ்.டி-க்கும் மாறிய முதல் தடவையே பேண்ட் (புரதம் இருக்கும் இடத்தில் தெரியும் கோடு) தெளிவாக வந்தது. அன்று மாலை காட்பாடி ஸ்டேஷன்வரை சிரித்துக்கொண்டே நடந்தேன்.

புரதத்தை அளக்கும் முழக்கோலாக

மெம்பிரேனில் எத்தனை மைக்ரோகிராம் ஏற்றுவது என்று தெரிய, முதலில் மாதிரியில் எவ்வளவு புரதம் என்று அளக்க வேண்டும். ஜவுளிக்கடையில் முழக்கோல் மாதிரி அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும், உலகம் முழுக்க அந்த இடத்தில் ஆல்புமின்தான். 1976-இல் மேரியன் பிராட்போர்டு சொன்ன முறையில் கூமாசி சாயம் புரதத்தில் ஒட்டி நீலமாகும், 595 நானோமீட்டரில் படிப்போம். 1985-இல் வந்த பி.சி.ஏ. முறையில் புரதம் தாமிர அயனியை ஒடுக்க (எலக்ட்ரான் கொடுக்க) ஊதா நிறம் வரும், 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து 562-இல் படிப்போம். மாதிரியில் எஸ்.டி.எஸ். போன்ற டிடர்ஜென்ட் இருந்தால் பிராட்போர்டு உளறும், டி.டி.டி., மெர்காப்டோஎத்தனால், இ.டி.டி.ஏ. இருந்தால் பி.சி.ஏ. உளறும். மாதிரியின் பஃபரைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு மில்லிக்கு 2 மி.கி. ஆல்புமின் உள்ள ஸ்டாக் (மூலக் கரைசல்) போட்டு, அதிலிருந்து 1.5, 1, 0.75, 0.5, 0.25, 0.125, அப்புறம் வெறும் பஃபர். உங்கள் மாதிரி எந்த பஃபரில் இருக்கிறதோ அதே பஃபரில்தான் இவையும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பிளேட்டில் மூன்று வெல் (குழி). கோடு வளைந்தால் வளைந்த கோட்டையே பொருத்துங்கள், கட்டாயப்படுத்தி நேர்கோடு வரையாதீர்கள். மாதிரியின் அளவு கோட்டின் எல்லைக்கு வெளியே போனால் நீர்க்கச் செய்து மறுபடி படியுங்கள்.

இப்போது முக்கியமானது: ஸ்டாக்கை எடையை நம்பி விட்டுவிடாதீர்கள். ஒரு மில்லிக்கு 1 மி.கி. ஆல்புமின், 1 சென்டிமீட்டர் பாதையில், 280 நானோமீட்டரில் 0.667 காட்ட வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு லேபில், யாரோ பலமுறை திறந்து மூடி ஈரம் ஏறிய டப்பாவிலிருந்து 1 மி.கி. என்று நினைத்துப் போட்ட ஸ்டாக் 0.58 காட்டியது. அதாவது உண்மையில் 0.87 மி.கி.தான். அதை வைத்து அளந்த மாதிரி எல்லாமே 15 சதவீதம் கூடுதலாகக் கணக்கில் ஏறியிருந்தன. ஒரே நாளில் ஒரே ஸ்டாக்கில் அளந்தவற்றை ஒப்பிட்டபோது யாருக்கும் தெரியவில்லை, வேறு ஊர் லேபின் எண்ணோடு வைத்துப் பார்த்தபோதுதான் இடித்தது. இரண்டு நிமிட வேலை அது. ஒவ்வொரு ஸ்டாக்குக்கும் செய்யுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பிராட்போர்டு சாயத்தோடு ஆல்புமின் மற்றப் புரதங்களைவிட அதிகமாக நிறம் காட்டும். ஆன்டிபாடி மாதிரியை ஆல்புமின் கோட்டில் வைத்துப் படித்தால் உண்மையில் இருப்பதில் பாதி அளவுக்குக் காட்டும். ஆன்டிபாடியை அளக்கும்போது காமா குளோபுலினை அளவுகோலாக வையுங்கள்.

பி.சி.ஆர்-இல்: ஆவாரம் பட்டை தெரிந்த ஊருக்குப் புரியும்

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குரோமியம் வருவதற்கு முன் தோலை ஆவாரம் பட்டையில் பதப்படுத்தினார்கள். பட்டையில் இருக்கும் டானின், தோலின் புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அதுதான் பதம். செடியிலிருந்தோ மண்ணிலிருந்தோ டி.என்.ஏ. எடுக்கும்போது அதே டானினும் ஹியூமிக் அமிலமும் கூடவே வந்து, டி.என்.ஏ-வை நகலெடுக்கும் பாலிமரேஸ் என்சைமைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாது. ஜெல்லில் பேண்ட் வராது. அப்போது ஆல்புமினைச் சேர்த்தால் டானின் அதைப் பிடித்துக்கொள்ளும், என்சைம் தப்பித்துவிடும். ரியாக்ஷனில் ஒரு மில்லிக்கு 0.1 முதல் 0.4 மி.கி. வரை வருகிற மாதிரி சேர்த்துப் பாருங்கள். 25 மைக்ரோலிட்டர் ரியாக்ஷனுக்கு, ஒரு மில்லிக்கு 10 மி.கி. ஸ்டாக்கில் 1 மைக்ரோலிட்டர் விட்டால் 0.4 வரும். கூடவே ஆல்புமின் சேர்க்காத டியூப் ஒன்றும், டி.என்.ஏ. இல்லாத டியூப் ஒன்றும் ஓட்டுங்கள். மாதிரியையே பத்து மடங்கு நீர்க்கச் செய்வதும் பல நேரம் இதே பலன் தரும், அதை முதலில் முயன்று பார்க்கலாம்.

ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம்களுக்கு ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம் சேர்ப்பது வழக்கம். என்சைம் மிகக் கொஞ்சம்தான் இருக்கும், அதுவும் டியூப் சுவரில் ஒட்டிப்போனால் ஒன்றும் மிஞ்சாது. ஆல்புமின் முந்திக்கொண்டு சுவரை அடைத்துவிடும். பல பஃபர்களில் இப்போது ஏற்கெனவே கலந்தே வருகிறது, லேபிளைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். நீர்த்த ஆன்டிபாடியைச் சேமிக்கும்போது 1 சதவீதம் ஆல்புமின் விடுவதும், ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளப்பது) பஃபரில் 0.5 அல்லது 1 சதவீதம் விடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

செல்களுக்குக் கொழுப்பு ஊட்டுவது

சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல் ஆய்வுகளில் செல்களுக்கு பால்மிடேட் என்ற கொழுப்பு அமிலம் கொடுப்பார்கள். கொழுப்பு அமிலம் தண்ணீரில் கரையாது, ரத்தத்தில் அதை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி ஆல்புமின் என்பதால் லேபிலும் அதே வண்டியைத்தான் பூட்டுகிறோம். ஒரு வண்டியில் ஆறு பால்மிடேட் என்ற விகிதம் பரவலாக இருக்கிறது. 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் சோடியம் பால்மிடேட்டை 70 டிகிரியில் தெளிவாகும்வரை கரைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு அமிலம் நீக்கிய ஆல்புமினை அதே உப்புக் கரைசலில் 37 டிகிரியில் கரைத்து வையுங்கள். பால்மிடேட் சூடாக இருக்கும்போதே, ஆல்புமின் கரைசலைக் கலக்கிக்கொண்டே அதில் பால்மிடேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்குங்கள். கடைசியில் பால்மிடேட் 1 மில்லிமோலார், ஆல்புமின் 0.17 மில்லிமோலார் இருக்க வேண்டும். ஆல்புமின் ஒரு மில்லிக்கு 1 மி.கி. என்றால் 15 மைக்ரோமோலார், ஆகவே 0.17 மில்லிமோலாருக்கு ஒரு மில்லிக்கு சுமார் 11.3 மி.கி.

பால்மிடேட் ஆறினால் வெள்ளை வெள்ளையாகத் திரியும். ஏ.சி. குளிரில் பீக்கரை வெளியே எடுத்துக்கொண்டு நடந்தாலே போதும், கெட்டுவிடும், வாட்டர்பாத் பக்கத்திலேயே நின்று வேலையை முடியுங்கள். பால்மிடேட் இல்லாத வெறும் ஆல்புமினை அதே அளவில் கொடுத்த செல்கள்தான் உங்கள் கட்டுப்பாடு. வெறும் மீடியம் கொடுத்த செல்கள் அந்த இடத்துக்கு வராது, ஏனென்றால் ஆல்புமினே செல்லிடமிருந்து சிலவற்றைப் பிடுங்கும், சிலவற்றைக் கொடுக்கும். சாதாரண டப்பாவைக் கொண்டு இதைச் செய்தால் வண்டியில் ஏற்கெனவே ஆட்கள் இருப்பார்கள், நீங்கள் கொடுத்த பால்மிடேட் எவ்வளவு ஏறியது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

நோட்டில் எழுத வேண்டியது

கம்பெனி பெயர், கேட்டலாக் எண், லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) எண், டப்பா திறந்த தேதி, 280-இல் வந்த அளவு. லாட் எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே கேட்டலாக் என்றாலும் லாட்டுக்கு லாட் கொழுப்பு அமிலமும் எண்டோடாக்சினும் மாறும். நீண்ட ஆய்வு என்றால் ஒரே லாட்டில் இரண்டு, மூன்று டப்பா சேர்த்து வாங்கச் சொல்லிக் கேளுங்கள், புது லாட் வந்தால் பழையதையும் புதியதையும் ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள்.

காலையில் வந்ததும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கரைசலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். தெளிவாக இருந்தால் வேலையைத் தொடங்கலாம். மங்கலாகவோ, அடியில் பஞ்சு மாதிரி எதுவும் மிதந்தாலோ, எத்தனை கிராம் போட்டிருந்தாலும் யோசிக்காமல் கொட்டிவிட்டுப் புதிதாகத் தூவத் தொடங்குங்கள்.